டேங்க்: ஏரியிலிருந்து மொட்டை மாடிக்கு

சேலையூரில் ஒரு பிள்ளையிடம் "டேங்க் எங்கே?" என்று கேளுங்கள். மொட்டை மாடியைக் காட்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இங்கே முகாம் போட்ட வெள்ளைக்கார அதிகாரியிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஏரிக்கரைப் பக்கம் கை நீட்டியிருப்பார்.

செங்கல்பட்டுச் சீமையின் ஏரிகள் அத்தனையும் அவர்கள் எழுத்தில் 'டேங்க்'தான். 1790-களில் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், ராமரே வந்து கரை காத்த கதையோடு நம் நினைவில் நிற்பவர், செப்பனிட்டது மதுராந்தகம் 'டேங்க்'. 1883-இல் சென்னை மாகாணம் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்துக்கும் அந்தச் சொல்லே பெயர். இயற்கையாக நின்ற நீர் அவர்களுக்கு லேக். மனிதன் கரை போட்டுத் தேக்கினால், வெட்டிப் படி கட்டினால், டேங்க். வயலுக்குப் பாயும் ஏரியும் சாமி தெப்பம் போகும் குளமும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. ஏரி, குளம், குட்டை, தாங்கல், ஏந்தல், தெற்கே போனால் கண்மாய், ஊருணி என்று அளவுக்கும் பயனுக்கும் தகுந்தபடி பெயர் வைத்தவர்கள் நாம். 'டேங்க் புறம்போக்கு' என்று ஒரு குமாஸ்தா எழுதும்போது அதில் பாதித் தகவல் காணாமல் போயிருக்கும்.

சொல் எங்கிருந்து வந்தது? 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் தொகுத்த யூலும் பர்னெலும் இதை இரண்டு பிறப்புள்ள சொல்லாகப் பார்த்தார்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், குளங்களைப் பார்த்துப் பழகியவர். குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு 'டாங்க்' என்ற ஒலியில் ஒரு சொல் உண்டு. போர்த்துகீசியரிடம் 'டாங்க்கெ' உண்டு. இரண்டும் மேற்குக் கரையில் சந்தித்து ஒன்றையொன்று பலப்படுத்தியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தாம்பரம் மின்சார ரயிலில் போகிற எவருக்கும் ஒரு ஆசை வரும். பரங்கிமலைக்கு அடுத்த நிறுத்தம் பழவந்தாங்கல். போரூர்ப் பக்கம் அய்யப்பன்தாங்கல். பறவைகளுக்குப் பேர் போன வேடந்தாங்கல். தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரி. தாங்கல்தான் டேங்க் ஆயிற்று என்று சொல்லிவிடலாமா? சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒத்துப்போவது ஒன்றே சாட்சி, அது போதாது. மேற்குக் கரையில் வழங்கிய சொல்லுக்கு நம் தாங்கல் தகப்பன் என்று காட்ட இடையில் ஒரு கண்ணிகூடக் கிடைக்கவில்லை. நான் அந்த ஆசையைப் பழவந்தாங்கலிலேயே இறக்கிவிட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்த ஒலி ஒற்றுமையை அழகாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் ஈழத் தமிழர்கள். அங்கே மாடியில் இருப்பது தண்ணீர்த் தாங்கி, திருகோணமலையில் இருப்பவை எண்ணெய்த் தாங்கிகள். பொருளும் பொருந்துகிறது, ஓசையும் பொருந்துகிறது. ஏரியை அவர்கள் குளம் என்பார்கள். இரணைமடு அங்கே குளம்தான். நம் அரசாங்கமோ 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்று எழுதுகிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிடும்.

ஏரியிலிருந்து டேங்க் என்ற சொல் கழன்றதற்கு நகரம் வளர்ந்ததும் ஒரு காரணம். மாம்பலத்தின் 'லாங் டேங்க்' 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் ஆயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி போன இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' என்றும் 'லேக் ஏரியா' என்றும் இரண்டு பெயர்கள் மிச்சம். தண்ணீர் போன பிறகு டேங்க்கைவிட லேக் என்பதே காதுக்கு இனிக்கிறது போலிருக்கிறது. அடுக்ககம் கட்டுகிறவர் 'லேக் வியூ' என்று விளம்பரம் செய்வார். 'டேங்க் வியூ' என்றால் யார் வாங்குவார்கள்? எதிர் வீட்டு மாடியல்லவா தெரியும்!

அந்த மாடிக்கு முதலில் ஏறியது சிமெண்டுத் தொட்டி. பிறகு கறுப்பு பிளாஸ்டிக். 1975-இல் குஜராத்தின் கலோலிலிருந்து கிளம்பிய சின்டெக்ஸ், கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகும் அளவுக்குப் பரவியது. வேறு கம்பெனித் தொட்டியையும் "சின்டெக்ஸ்ல தண்ணி இல்ல" என்கிறோம். சொல்லுக்கு உரிமை கோரும் இடங்களில் ஒன்றான குஜராத்திலிருந்தே பொருளும் வந்து சேர்ந்தது எனக்குப் பிடித்த தற்செயல்.

பெட்ரோல் டேங்க்கும் செப்டிக் டேங்க்கும் ஆங்கிலத்தில் பிறந்து வந்தவை. போர்க்களத்து டாங்கி தனிக் கதை: 1916-இல் பிரிட்டன் ரகசியமாகச் செய்த இரும்பு வண்டியை, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. 1965 முதல் ஆவடியில் அதையே செய்கிறோம். வெயில் காலத்தில் இங்கே அதிகம் தேவைப்படும் டேங்கரை மட்டும் யாரும் டேங்கர் என்பதில்லை. அது தண்ணி லாரி. 2019 கோடையில் தெருமுனையில் கேட்ட ஒரே கேள்வி, "தண்ணி லாரி வந்துச்சா?"

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி முடிச்சூர் மூழ்கியபோது பேச்சில் டேங்க் இல்லை. எந்த ஏரி உடைந்தது, எந்த ஏரியில் கலங்கல் பாய்கிறது என்றுதான் ஜனங்கள் விசாரித்தார்கள். பீர்க்கன்கரணை, இரும்புலியூர், சிட்லப்பாக்கம் என்று பஸ் நிறுத்தங்களாகத் தெரிந்த பெயர்கள் அந்த வாரம் மறுபடி ஏரிகளாயின.

மாடி டேங்க்குக்குத் தண்ணீர் ஏறுவது கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே இருக்கும் சம்ப்பிலிருந்து. அந்தச் சொல்லையும் தோண்டிப் பார்த்தேன். பழைய டச்சிலும் வட ஜெர்மானியக் கிளைமொழியிலும் அதற்குச் சதுப்பு நிலம் என்று பொருள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து கடைசியில் மழைநீர் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அந்த வழியெங்கும் இப்போது வீடுகள். வீட்டுக்கு ஒரு சம்ப், மேலே ஒரு டேங்க்.