மூப்பர் தட்டவேண்டிய கதவு



வருகிற ஞாயிற்றுக்கிழமை நமது சபையில் புதிய மூப்பர்கள் பொறுப்பேற்கிறார்கள். ஆகவே இந்த வாரம் வழக்கமான வேதபகுதி விளக்கத்திற்குப் பதிலாக, சபை வரலாற்றின் ஒரு பக்கத்தை உங்கள்முன் வைக்கிறேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் நமது சபைக் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றேன். அவர்கள் ஐந்து மாதங்களாக ஆராதனைக்கு வரவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். வீட்டுத் தலைவர் வேலையை இழந்து, கடன்பட்டு, மனிதர் முகத்தில் விழிக்கக் கூசி வீட்டிலேயே இருந்துவிட்டார். "யாராவது வந்து கேட்பீர்கள் என்றிருந்தோம், ஐயா" என்றார் அந்தத் தாயார். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

1815ஆம் ஆண்டில் தாமஸ் சால்மர்ஸ் என்னும் போதகர், கில்மனி என்ற சிற்றூரை விட்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ட்ரான் சேகரத்திற்கு வந்தார். ஆலைகள் பெருகி, பிழைப்புத் தேடி வந்த ஜனங்களால் நகரம் நிரம்பி வழிந்த காலம் அது. அவருடைய சேகரத்திலோ பல்லாயிரம் பேர். அத்தனை பேரையும் வீடுவீடாகச் சந்திக்கத் துணிந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அமர்ந்து ஜெபிக்க நேரமில்லை. ஓரிரு வார்த்தை பேசி, அருகில் ஓரிடத்தில் மாலையில் நடக்கும் கூட்டத்திற்கு அழைத்துவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தார். முடிவில் அவர் கண்டுகொண்டது, இது ஒரு போதகரால் ஆகிற காரியம் அன்று என்பதே.

மூப்பர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்களது ஊழியம் காணிக்கைத் தட்டருகே நிற்பதும் ஏழைகளுக்கான பணத்தைப் பங்கிடுவதுமாகச் சுருங்கியிருந்தது. (இதை வாசிக்கையில் நமது கமிட்டிக் கூட்டங்கள் என் நினைவுக்கு வந்ததை மறைக்கமாட்டேன்.) வியாதியாய் இருப்பவன் சபையின் மூப்பரை அழைக்கவேண்டும் என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறாரே, அப்படி அழைக்க, அந்த வியாதியஸ்தனுக்குத் தன் மூப்பர் யாரென்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

1819இல் புனித யோவான் சேகரம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய 10,000 பேர், 2,000க்கு மேற்பட்ட குடும்பங்கள்; பெரும்பாலும் நெசவாளரும் கூலியாட்களும். ஆலயத்தில் அமர இருக்கை வாடகை செலுத்தவேண்டிய அந்நாளில், 800க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு எந்த ஆலயத்திலும் இடமில்லை. சால்மர்ஸ் சேகரத்தை 25 பகுதிகளாகப் பிரித்தார். பகுதிக்கு 60 முதல் 100 குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூப்பர், ஒரு உதவிக்காரர். ஆத்தும காரியம் மூப்பருடையது; பணத்தேவை உதவிக்காரருடையது. இரண்டையும் ஒருவர் கையில் கொடுக்க அவர் மறுத்தார். பணம் கொடுக்கிறவர் ஜெபிக்க வந்தால், ஜனங்கள் ஜெபத்தையா பணத்தையா எதிர்பார்த்துக் கதவைத் திறக்கிறார்கள் என்று எவரும் அறியமுடியாது என்பது அவருடைய அச்சம். முப்பது ஆண்டு ஊழியத்தில் நானும் அதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தலான பகுதியும் உண்டு. உதவி கேட்டு வருகிறவரிடம், அவர் தானே உழைத்துச் சம்பாதிக்கக் கூடுமா, உறவினர் தாங்குவார்களா, அக்கம்பக்கத்தார் உதவுவார்களா என்றெல்லாம் விசாரித்த பின்னரே சபையின் பணம் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,400 பவுண்டாக இருந்த ஏழைகளுக்கான செலவு 280 பவுண்டாகக் குறைந்தது. சால்மர்ஸ் இதை வெற்றியாகவே எண்ணினார். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் இந்தக் கணக்கை என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க இயலவில்லை. தேவை குறைந்ததா, அல்லது கேட்கிற துணிவு குறைந்ததா? நம் சபையின் அந்தத் தகப்பனும் எவரிடமும் எதையும் கேட்கவில்லை.

அங்கே அவருக்கு உதவியாளராக இருந்தவர் எட்வர்ட் இர்விங். உயர்ந்த உருவமுடைய இளைஞர். நுழைகிற வீடு ஒவ்வொன்றுக்கும் சமாதானம் கூறி, பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். தமக்குக் கிடைத்த சிறு சொத்தை ஒரு பவுண்டு நோட்டுகளாக மாற்றி, நாளுக்கு ஒன்றாக, சந்தித்த வீடுகளில் கொடுத்துத் தீர்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்லுகிறார். தலைவரின் ஒழுங்குக்கு முற்றும் மாறான செயல்! ஒழுங்கு வேண்டும் என்று சொல்லுகிற நான், இதை வாசிக்கும்போதெல்லாம் இர்விங் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

1823இல் சால்மர்ஸ் பேராசிரியராகச் சென்றுவிட்டார். அவர் போனபின்னும் அந்த ஏற்பாடு 1837 வரை நடந்தது. நடத்தியவர்கள் மூப்பர்களும் உதவிக்காரர்களுமே.

பிரியமானவர்களே, வருகிற ஞாயிறன்று நமது மூப்பர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் கொடுக்கப்படும். பன்னிரண்டு குடும்பங்களுக்குமேல் அதில் இராது. மூப்பர்களே, மாதம் ஒருமுறையாவது அந்த வீடுகளுக்குச் செல்லுங்கள். காணிக்கைக் கவரையும் ரசீதுப் புத்தகத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏன் வரவில்லை என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கவேண்டாம். சுகத்தைக் கேளுங்கள், அதிகமாய்ச் செவிகொடுங்கள். பணத்தேவை இருக்குமானால், அவர்கள் சம்மதத்தோடு என்னிடமோ பொருளாளரிடமோ மட்டும் சொல்லுங்கள். அங்கே கேட்டது வேறெந்த வீட்டிற்கும் போகவேண்டாம், உங்கள் வீட்டிற்கும்கூட.

மற்றவர்களே, உங்கள் மூப்பர் யாரென்று அன்று அறிந்துகொள்ளுங்கள். அவர் வரும்போது பலகாரம் செய்யவேண்டாம். ஒரு நாற்காலி போதும்.

பட்டியல்களை நேற்றிரவு எழுதி முடித்தேன். அந்தத் தாயாரின் வீட்டை மட்டும் என்னுடைய பட்டியலிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.