கச்சேரி மேற்கே போனது, பஸ் கரையோடு நின்றது



கல்முனையிலிருந்து அம்பாறைக்கும் சம்மாந்துறைக்கும் நேரத்துக்கு பஸ் இல்லை என்ற குறை நமக்குப் புதிதல்ல. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் யாரிடம் என்ன கேட்பது என்பதும் விளங்கும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நமது ஊர்கள் வடக்குத் தெற்காக ஒரே வீதியில் அமைந்தவை. கிழக்கே கடல், மேற்கே வயல். அந்தக் காலத்தில் பெரிய அலுவல் என்றால் மட்டக்களப்புக் கச்சேரிக்குத்தான் போக வேண்டும். 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்படும் வரை வாவியைத் தண்ணீர் வழியாகக் கடந்தே நகருக்குள் போனார்கள். 1928இல் ரயில் மட்டக்களப்புக்கு வந்தது. அதற்குத் தெற்கே அது வரவேயில்லை. ஆகவே நமக்கு எல்லாமே கரையோர வீதிதான். 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோதும் நமது பயணம் அந்த வீதியைச் சுற்றியே இருந்தது.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் அம்பாறை நகரம் வளர்ந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. வடக்கே இருந்த நமது கச்சேரி மேற்கே போய்விட்டது. ஆனால் காரைதீவுச் சந்தியில் திரும்பி மாவடிப்பள்ளி, சம்மாந்துறை ஊடாக அம்பாறைக்குச் செல்லும் வீதிக்கு, கரையோர வீதிக்குக் கிடைத்த கவனம் கிடைக்கவில்லை.

1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆள் நிறையும் நேரத்தில் போட்டி போட்டு ஓடுவதும், பொழுதுபட்டால் காணாமல் போவதும் அதன் விளைவு. தமிழ், முஸ்லிம் ஊர்கள் மாறிமாறி வரும் இந்த வீதிகளில் யுத்த காலத்தில் இரு சமூகத்தவரும் பயணம் செய்யவே அஞ்சினர். அந்த அச்சம் நீங்கிய பிறகு தேவை கூடியது. 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. நோயாளி, விவசாயி, மாணவர் என்று பலருக்கும் இன்று கரையிலிருந்து மேற்கே போக வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 26ஐ நாம் மறக்கவில்லை. நிந்தவூர் மத்ரசாவில் ஓதிய பிள்ளைகள் வெள்ள நாளில் சம்மாந்துறை வீடுகளுக்குத் திரும்பியபோது, மாவடிப்பள்ளியில் அவர்கள் ஏறிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. பக்கத்து ஊருக்குப் போகும் வழியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். மேற்கிலிருந்து கடலுக்கு ஓடும் வெள்ளம் அந்த வீதியைக் கடந்துதான் போக வேண்டும். இது மழைக்காலம்தோறும் எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

இப்போது யாரிடம் கேட்பது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கான அனுமதி மாகாணத்தின் பொறுப்பு. கல்முனை, அம்பாறை இரண்டும் கிழக்கு மாகாணத்துக்குள்தான். இ.போ.ச. பஸ்கள் மத்திய அரசிடம். பிரதான வீதியும் பாலங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். ஓரிடத்தில் மட்டும் மகஜர் கொடுத்தால் அவர்கள் மற்ற இடத்தைக் கைகாட்டுவார்கள். மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் போக வேண்டும்.

கேட்க வேண்டியவை: இ.போ.ச., தனியார் இரண்டுக்கும் ஒரே நேர அட்டவணை. ஆள் குறைந்தாலும் ஓடும் கடைசி பஸ். மாவடிப்பள்ளியில் வெள்ளம் மேவாத உயரத்தில் வீதி.

பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் நிருவாகங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் முதலில் ஒரு வேலை செய்யலாம். காரைதீவுச் சந்தியில் ஒரு வாரம் எந்த நேரத்தில் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். அந்தக் கணக்கை மகஜரோடு இணைத்தால் தட்டிக்கழிப்பது கடினம்.

அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.