பெட்டிக்குள் என்ன வைப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறவர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது, "நீங்கள் எந்த எடிஷன்?" என்பதுதான். மற்றப் புத்தகங்களில் இரண்டாம் பதிப்பு என்றால் பெரும்பாலும் பிழைகள் திருத்தப்பட்ட அதே புத்தகம். இந்த விளையாட்டில் புதிய எடிஷன் வந்தால் விதிகளே மாறிவிடும். நீங்கள் காசு சேர்த்து வாங்கிய புத்தகங்கள் பழையவையாகிவிடும். அதனால் வெளியிடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை நினைக்க வேண்டும்: ஏற்கனவே விளையாடுகிறவர், இனிமேல் வரப்போகிறவர். அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதல் பெட்டி 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரிலிருந்து வந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். அச்சடித்தது 1,000 பிரதிகள், விலை 10 டாலர். மரப்பலகை போன்ற தாள் ஒட்டிய பெட்டிக்குள் மூன்று சிறிய புத்தகங்கள் இருந்தன. பகடைகளைத் தனியாக வாங்க வேண்டும். சண்டை விதிகளுக்கு 'செயின்மெயில்' என்ற இன்னொரு விளையாட்டின் புத்தகம் கையில் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். போர் விளையாட்டுகளில் ஏற்கனவே பழகியவர்களுக்கு அது போதும். புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் புரியாது.

அந்தக் குறையை முதலில் சரிசெய்ய முன்வந்தவர் ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர். அவர் எளிமையாகத் தொகுத்த விதிகள் 1977இல் 'பேசிக் செட்' என்ற பெட்டியாக, பகடைகளோடு வந்தன. பிறகு ஒரு கட்டத்தில் பகடைகளுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது. அப்போது எண்கள் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் வைத்தார்கள். வெட்டியெடுத்து, ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பெட்டியைத் திறந்த அன்றே விளையாட முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

1983இல் வந்த சிவப்புப் பெட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் இருந்த புத்தகம் விதிகளோடு தொடங்காமல் ஒரு கதையோடு தொடங்கியது. நீங்கள் தனியாக உட்கார்ந்து வாசித்தபடியே விளையாடலாம். சொல்லித்தர அண்ணனோ அக்காவோ இல்லாத பிள்ளையும் அப்படிக் கற்றுக்கொண்டது.

1997இல் விளையாட்டு விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2000இல் அவர்கள் மூன்றாம் எடிஷனை வெளியிட்டபோது, புத்தகத்தோடு ஓர் அனுமதியையும் சேர்த்து வெளியிட்டார்கள். 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' என்ற அந்த உரிமத்தின்படி, விதிகளின் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தங்கள் புத்தகங்களில் பயன்படுத்தலாம். சிறிய வெளியீட்டாளர்கள் பலர் அதை நம்பித் தொழில் தொடங்கினார்கள்.

2008இல் நான்காம் எடிஷன் வந்தது. முக்கியமான மூன்று புத்தகங்களும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. ஆனால் விதிகள் மிகவும் மாறியிருந்தன, உரிமமும் இறுக்கமாகியிருந்தது. பைசோ என்ற நிறுவனம் அதில் சேரவில்லை. பழைய உரிமம் இன்னும் செல்லும் என்பதால், மூன்றாம் எடிஷனின் விதிகளை மெருகேற்றி, வாசகர்களிடம் இலவசமாகக் கொடுத்துச் சோதித்து, 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட்டது. பழைய புத்தகங்களை விட மனமில்லாத பலர் அங்கே போனார்கள்.

விசார்ட்ஸ் அதிலிருந்து பாடம் கற்றது என்றே நினைக்கிறேன். ஐந்தாம் எடிஷனுக்கு 2012 முதலே வரைவு விதிகளைப் பொதுமக்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். 2014இல் அடிப்படை விதிகளை இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். 20 டாலருக்குள் கிடைத்த தொடக்கப் பெட்டியில் ஒரு விதிப் புத்தகம், ஒரு முழுச் சாகசக் கதை, தயாராக எழுதிய ஐந்து கதாபாத்திரங்கள், ஆறு பகடைகள் இருந்தன. பெரிய புத்தகங்கள் அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

இவ்வளவு கற்றும், 2023 ஜனவரியில் பழைய உரிமத்தை மாற்றும் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. விளையாடுகிறவர்கள் கொதித்தார்கள், பலர் சந்தாவை நிறுத்தினார்கள். அந்த மாத இறுதிக்குள் நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் எடிஷனின் அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.

உங்களில் யாராவது சொந்தமாக ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தால், அட்டைப்படத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை மட்டும் வாங்கிய ஒருவர் அன்று மாலையே விளையாட முடியுமா? முந்தைய எடிஷனை வாங்கியவருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? உங்கள் விதிகளை வைத்து இன்னொருவர் கதை எழுத விரும்பினால் அனுமதி உண்டா? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வையுங்கள். கொடுத்த அனுமதியைப் பிறகு திரும்பக் கேட்காதீர்கள்.