எரிப்பதற்கென்றே செய்த வண்டி

1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பனிச்சறுக்கு வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். பெரும் பணக்காரரான கேன் சாகும்போது 'ரோஸ்பட்' என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார். ரோஜா மொட்டு என்று பொருள். அது யார், எது என்று ஒரு நிருபர் படம் முழுக்கத் தேடியும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் மாளிகைச் சாமான்களைக் கழிக்கும்போது ஒரு பழைய மரவண்டியைத் தூக்கி உலையில் போடுகிறார்கள். தீயில் வண்ணம் பொங்கும்போதுதான் அதன்மேல் அந்த எழுத்து நமக்குத் தெரிகிறது. சிறுவயதில் அவர் சறுக்கி விளையாடிய வண்டி. பள்ளியில் பிரெஞ்சுப் பாடத்தில் 'லூஜ்' என்று நாங்கள் ஒப்பித்தது இதைத்தான், பனியைக் கண்ணால் பார்க்காமலே!

கல்லூரியில் படக்கலை படிக்கும் என் பேத்தி, அந்தக் காட்சியை எடுத்துப் பழக வேண்டும், ஒரு வண்டி செய்து தாருங்கள் தாத்தா என்றாள். எந்த வண்டியை என்று கேட்டேன். விழித்தாள்.

ஏனென்றால் இயக்குநர் ஆர்சன் வெல்ஸிடம் இருந்தது ஒரு வண்டி அல்ல. பையன் பனியில் விளையாட உறுதியான பைன் மரத்தில் ஒன்று. எரிப்பதற்கென்றே பால்சா மரத்தில் மூன்று. தேக்கின் எடையில் கால் பங்குகூட இல்லாத மரம் பால்சா, சட்டென்று பற்றிக்கொள்ளும். நம் இலவ மரத்துக்கு அது உறவு. எங்கள் தச்சர் ஆசாரியிடம் சொன்னதும், "அப்போ இலவத்துலயே செய்யலாம் ஐயா, தீக்குச்சிக்குப் போற மரந்தானே" என்று பலகை அறுத்துக் கொடுத்தார். நுனி வளைந்த இரண்டு பக்கப் பலகைகள், மேலே உட்காரும் பலகை, இழுக்கக் கயிறு. அவ்வளவுதான் வேலை. எழுத்துதான் சிரமம். கை நடுங்குகிறது. பழைய எக்ஸ்ரே படலத்தில் எழுத்துகளை வெட்டி, அதை வைத்துச் சாயம் ஒற்றினேன்.

மூன்று பால்சா வண்டிகளில் இரண்டு எரிந்தன. காட்சி சரியாக வந்துவிட்டதால் மூன்றாவது தப்பியது. அதை 1982-இல் ஸ்பீல்பெர்க் 60,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். இன்னொரு வண்டியை 1942-இலேயே ஒரு போட்டியில் பரிசாக 12 வயதுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த கதை. 1984-இல் ஜோ டான்டே என்ற இயக்குநர், முன்பு ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த வளாகத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், இவருக்குப் பழைய படங்கள் பிடிக்குமே என்று ஒரு மரவண்டியைக் கொண்டுவந்து வேண்டுமா என்று கேட்டார். அதுவும் ரோஸ்பட்! 2025 ஏலத்தில் அது 1,47,50,000 டாலருக்குப் போனது.

பதிவறையில் அழிக்க வேண்டிய கோப்புகளுக்குப் பட்டியல் போட்டவன் நான். பட்டியலில் ஏறிவிட்ட கட்டைப் பிரித்துப் பார்க்க எந்த அலுவலகத்திலும் யாருக்கும் பொறுமை இருக்காது. படத்தில் உலைக்கு முன்னால் நிற்கும் ஆட்களும் அப்படித்தான், வண்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஸ்டுடியோ ஊழியர் பார்த்தார். விலையைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் படப்பிடிப்பு. முதல் முறையே காட்சி சரியாக அமையும் என்று பேத்தி சொல்கிறாள். நான் மூன்று செய்து வைத்திருக்கிறேன்.