திரண்ட கெண்டைக்கால்

கெண்டைக்கால் திரண்டிருந்தால் பிள்ளை பயில்வானாக வருவான் என்பார்கள் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில். பிசியோதெரபி படிக்கப் போனவளுக்கு அந்த நம்பிக்கை முதல் வருஷத்திலேயே போய்விட்டது. டுஷேன் தசைச்சிதைவு நோய் வந்த நாலைந்து வயதுப் பையனுக்கும் கெண்டைக்கால் அப்படித்தான் திரண்டு கெட்டியாக இருக்கும். ஆனால் மாடிப்படி ஏறத் திணறுவான். தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி நிற்பான்.

டுஷேன் பாரிஸில் பணியாற்றிய மருத்துவர். 1861இலும், பிறகு விரிவாக 1868இலும் எழுதினார்; பெயர் அவருக்குப் போய்விட்டது. லண்டனில் எட்வர்ட் மெரியன் 1851இலேயே இந்த நோயைப் பற்றிப் பேசியிருந்தார். இறந்த பையனின் தண்டுவடத்தில் பழுதில்லை, கெட்டது தசைதான் என்றும், நோய் குடும்பத்துக்குள் ஆண்பிள்ளைகளையே தேடி வருகிறது என்றும் கண்டவர் அவர். அவர் பெயர் மருத்துவக் கல்லூரிகளில்கூட அதிகம் காதில் விழுவதில்லை.

நான் வேலை பார்க்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. வில்ஹெல்ம் கிரீசிங்கர் 1817இல் இங்கே பிறந்தவர். மனநோயை மூளையின் நோயாகப் பார்க்க வேண்டும் என்று 1845இல் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார். அதற்கான அனுபவம், ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய வின்னெண்டனில் இருந்த மனநோய் மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தபோது கிடைத்தது. கெய்ரோவில் இரண்டு ஆண்டு இருந்து, அங்கே பரவியிருந்த சோகைக்குக் கொக்கிப்புழுதான் காரணம் என்றும் கண்டுபிடித்தார். 1860இல் சூரிச் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கேதான் உடல் பருத்தும் பலமில்லாத ஒரு பையன் அவரிடம் வந்தான். அதே ஊரில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த பில்ரோத், பையனின் தோள் தசையிலிருந்து சிறு துண்டை வெட்டியெடுத்துக் கொடுத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் தசைநார்களுக்கு இடையே கொழுப்பு அடைந்து கிடந்தது. 1865இல் கிரீசிங்கர் அதை வெளியிட்டார். உயிரோடிருக்கும் நோயாளியின் தசையை வெட்டிப் பார்த்து நோயை அறிந்த மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. கத்தி வைக்காமலே துளித் தசையைக் கிள்ளியெடுக்கும் ஊசியை டுஷேன் உருவாக்கினார். அந்த வகையில் பிள்ளைகள் அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கொழுப்பு ஏன் வந்து அடைகிறது என்பதற்கு விடை கிடைக்க 1987 வரை ஆயிற்று. தசைநாரின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இந்தப் பையன்களுக்கு இல்லை. தசை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் உறை கிழிகிறது. நார் செத்த இடத்தில் கொழுப்பும் வடுத்திசுவும் புகுந்துகொள்கின்றன. இதனால்தான் “நல்லா உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்க, காலு தேறிடும்” என்னும் மாமாக்களோடு எனக்குச் சண்டை. பளுவைத் தூக்கவிட்டால் சிதைவுதான் கூடும். நாங்கள் செய்வது குதிகால் தசைநாண் இறுகாமல் இழுத்துவிடுவது, இரவில் காலுக்குச் சிம்பு போடுவது, நடக்கும் வருஷங்களைக் கொஞ்சம் நீட்டிப்பது. மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டும் அதற்குத்தான்.

இன்னொரு சண்டை, “பெண் வீட்டு வியாதி” என்ற பேச்சோடு. டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் தாய்வழியாக வருகிறது, உண்மைதான். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பையனுக்கு அது புதிதாக நேர்ந்த பிழை, தாயிடமே இருக்காது. மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்பதும் இந்த நோய்க்குப் பொருந்தாது. இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில வகைகளுக்குத்தான் சொந்தத்தில் மணம் செய்வது வழிவிடும்.

யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி மரபணு ஆலோசனைக்குப் போய் வந்து பொரிந்து தள்ளினாள்: “அக்கா, டொக்டர் ஒரு மணித்தியாலம் கதைச்சார். இன்னொரு பிள்ளை பெறலாமோ கூடாதோ எண்டு மட்டும் சொல்லுறாரில்லை!”

அவர் சொல்லாததற்குக் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பரம்பரை நோயாளிகள் என்று முத்திரை குத்தி மக்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டத்தை நாஜிகள் 1933இல் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 4 லட்சம் பேர் அதற்கு இரையானார்கள். 1940இல் ஸ்டுட்கார்ட்டிலிருந்த உள்துறை அமைச்சகத்தின் ஒத்துழைப்போடு, மனநோயாளிகளும் ஊனமுற்றவர்களும் சாம்பல் நிறப் பேருந்துகளில் மலைமேல் உள்ள கிராஃபெனெக் மாளிகைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரே ஆண்டில் 10,654 பேரை அங்கே விஷவாயுவால் கொன்றார்கள். கிரீசிங்கர் தொழில் கற்ற வின்னெண்டன் மருத்துவமனையிலிருந்தும் பேருந்துகள் போயின. யார் பிள்ளை பெறலாம் என்று வெள்ளைக்கோட்டுக்காரர் சொல்வதற்கு இங்கே அப்படி ஒரு பழைய அர்த்தம் உண்டு. 2010இல் நடைமுறைக்கு வந்த மரபணுப் பரிசோதனைச் சட்டம், தன் மரபணுவில் இருப்பதைத் தெரிந்துகொள்ளாமலே இருக்கும் உரிமையையும் கொடுக்கிறது.

இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் சமாதானம். ஆறு வயது மகளையும் சோதித்துப் பார்க்கக் கேட்டிருக்கிறாள். நோயில்லாத சிறுமிக்கு இப்போது வேண்டாம், வளர்ந்து அவளே முடிவெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். தாயின் சொந்தப் பரிசோதனை முடிவு மட்டும் வந்திருந்தது: பிழை அவளிடம் இருக்கிறது. இந்தப் பிழையைச் சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனமாகலாம். மகனுக்காகவே அலைந்துகொண்டிருந்தவளை இதயப் பரிசோதனைக்கு நாள் வாங்க வைப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.