செதிலும் கசடும்: திருத்தணி வட்டாரத்தில் கத்தி செய்யப் பயின்றோர்

கையால் கத்தி செய்யும் தொழிலின் வரலாற்றை எழுத முற்படுவோர், நன்றாக அமைந்த கத்திகளைவிடக் கெட்டுப்போன கத்திகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. நன்றாக அமைந்த கத்தி வீட்டுக்கும் வயலுக்கும் போய், மழுங்கும்போதெல்லாம் தீட்டப்பட்டு, நாளடைவில் தேய்ந்து மறைந்துவிடுகிறது. பயிலத் தொடங்கியவன் தவறான இடத்தில் தட்டிப் பாழாக்கிய கல்லோ, அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கிடந்து மண்ணுக்குள் போகிறது. கல்லுக்குப் பொருந்தும் இந்த விதி இரும்புக்குப் பொருந்துவதில்லை. கெட்டுப்போன இரும்பு மீண்டும் உலைக்கே திரும்பிவிடுவதால், திருத்தணியைச் சுற்றிய நிலப்பரப்பில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் கத்தி செய்தவரின் கைவேலையைப் படிப்படியாகப் பின்தொடர முடிகிற ஆய்வாளருக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் உலை மூட்டிய கொல்லரின் கைவேலை அந்த அளவுக்கு எட்டுவதில்லை.

முருகனின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய தணிகை மலையைக் கொண்ட இவ்வூர், கார்வேட்டிநகர் ஜமீன் நிலப்பரப்பில் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது, ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே ஊரைப் பற்றிய செய்திகளை நான்கு மாவட்டங்களின் ஆவணங்களில் தேட வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். மாவட்டங்கள் மாறினாலும் நிலத்தின் அமைப்பு மாறவில்லை. வடக்கே நகரி மலைத்தொடரும், கிழக்கே பூண்டிக்கு வடபுறமுள்ள அல்லிக்குழிக் குன்றுகளும், ஊரையொட்டி ஓடும் நந்தியாறு சென்று கலக்கும் கொசஸ்தலையாறும் சேர்ந்து, குவார்ட்சைட் என்னும் கடினமான படிகப் பாறையின் உருளைக்கற்களை இப்பகுதியெங்கும் பரப்பியிருக்கின்றன. கல்லில் கத்தி செய்வதற்கு வேண்டிய மூலப்பொருள் இதுவே.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில், செம்புறைக்கல் சரளை தோண்டிய குழி ஒன்றில் மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் திருத்தணிக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கொசஸ்தலையாற்றின் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டனர். 1866இல் சென்னை இலக்கிய, அறிவியல் ஆய்விதழில் ஃபுட் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் செம்புறைப் படிவுகளைக் குறிப்பதாக அமைந்தது. அன்றைய வட ஆர்க்காட்டில் திருத்தணியும் அடங்கும். இரு புறமும் செதுக்கி இலை வடிவில் கூர்மையாக்கிய கல்லைத் தொல்லியலார் கைக்கோடரி என்பர். அகன்ற வெட்டுவாய் உடைய பிளப்புக்கருவியும், தோலிலிருந்து கொழுப்பைச் சுரண்டப் பயன்பட்ட சுரண்டியும் அதனுடன் சேர்ந்தே கிடைக்கின்றன. பெயரில் கோடரி என்று இருந்தாலும், இறைச்சி அறுக்கவும் மரம் சீவவும் பயன்பட்ட இக்கருவி, செயலால் கத்திக்கே நெருக்கமானது.

இக்கற்கள் மனிதர் செய்தவைதாமா என்ற ஐயம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. பிரான்சின் அப்வில் பகுதியில் கிடைத்த கற்கருவிகளை 1859இல் ஜோசப் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவான்சும் நேரில் சென்று பார்த்து உறுதிப்படுத்திய பிறகே ஐரோப்பிய அறிஞர் உலகம் அவற்றை ஏற்கத் தொடங்கியது. ஐயத்தைத் தீர்த்ததில் அறிஞரல்லாத ஒருவருக்கும் பங்குண்டு. இங்கிலாந்தில் ‘ஃப்ளின்ட் ஜாக்’ என்ற பட்டப்பெயருடன் திரிந்த எட்வர்டு சிம்ப்சன், பழங்காலக் கருவிகளைப் போலவே கற்களைச் செதுக்கிச் சேகரிப்பாளர்களிடம் உண்மையான பழம்பொருளென விற்றுவந்தார். குட்டு வெளிப்பட்ட பின், 1862 ஜனவரியில் இலண்டன் புவியியலாளர் சங்கத்தார் முன்னிலையில் தம் செய்முறையையே நிகழ்த்திக் காட்டினார். எவான்சும் தாமே கல் செதுக்கப் பயின்று, 1868இல் நாரிச்சில் கூடிய தொல்பழங்கால மாநாட்டில் செய்து காட்டினார். ஒருவர் ஏமாற்றுவதற்காகவும் மற்றவர் நிறுவுவதற்காகவும் பயின்றார்கள் என்றாலும், கற்கருவிகளைப் பற்றிய அறிவியல் இத்தகைய கற்றுக்குட்டிகளின் கைகளிலிருந்தே கிளைத்தது என்று சொல்வதில் பிழையில்லை.

செய்முறை பார்வைக்கு எளியது. ஒரு கையில் மூலக்கல்லையும் மறு கையில் தட்டுகல்லையும் பிடித்து, மூலக்கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளே அடித்தால், அடிபட்ட புள்ளியிலிருந்து கூம்பு வடிவில் பரவும் விசை ஒரு மெல்லிய துண்டைப் பெயர்த்தெடுக்கிறது, அதுவே செதில். செதிலின் உட்புறத்தில் அடிபட்ட இடத்தை ஒட்டிச் சிறு புடைப்பும், மூலக்கல்லில் அதற்கு ஈடான குழிவும் எஞ்சுகின்றன. அடிக்கும் தளத்துக்கும் செதில் பிரியும் முகத்துக்கும் இடைப்பட்ட கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் செதில் பிரியும்; கோணம் விரிந்துவிட்டால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கல் நொறுங்குமே தவிரப் பிரியாது. பயிலத் தொடங்குவோர் தடுமாறுவது இங்கேதான். கோணத்தைச் சரிசெய்யாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிப்பதால் விளிம்பு நசுங்குகிறது. செதில்கள் முழு நீளம் ஓடாமல் பாதியிலேயே முறிந்து, மூலக்கல்லின் முகத்தில் படிப்படியான மேடுகளை விடுகின்றன. அந்த மேடுகள் அடுத்த செதிலையும் தடுக்கின்றன. தேர்ந்தவர் முதல் மேடு தோன்றியதுமே கல்லைத் திருப்பி வேறு பக்கத்திலிருந்து அதை நீக்குவார், புதியவரோ அதன் மேலேயே அடித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு அடியும் கல்லில் அழியாமல் பதிவதால், பிழை நேர்ந்த வரிசையைக்கூட ஆய்வாளரால் படிக்க முடிகிறது.

அத்திரம்பாக்கத்தின் காலம் பற்றிய தெளிவு நெடுநாள் கழித்தே கிடைத்தது. 1930களில் வி.டி.கிருஷ்ணசாமியும், 1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி.பானர்ஜியும் ஆராய்ந்த இவ்விடத்தை, 1999 முதல் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழ்ந்தனர். விண்கதிர்களால் கல்லில் உண்டாகும் ஐசோடோப்புகளை அளந்து கணிக்கும் முறையால், இங்குள்ள பழமையான கைக்கோடரிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளும், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகளும் பழமையானவை என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் வெளியிட்டனர். 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அடுத்த ஆய்வு, இங்கு சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே புதியதொரு செய்முறை தொடங்கிவிட்டதைக் காட்டியது. லெவலுவா எனப்படும் அம்முறையில், மூலக்கல்லின் முகத்தை முதலிலேயே சீராக்கி, பின்பு ஒரே அடியில் வேண்டிய வடிவமுள்ள கூர்செதிலைப் பெயர்ப்பர். கைக்கோடரி செய்பவர் தவறு செய்தாலும் அடுத்தடுத்த அடிகளில் திருத்திக்கொள்ளலாம். லெவலுவாவில் உழைப்பு முழுவதும் முன்னேற்பாட்டிலேயே செலவாகிவிடுவதால், கடைசி அடி பிசகினால் அனைத்தும் வீணாகும். கண்ணால் பார்த்து மட்டும் இதைக் கற்றிருக்க முடியுமா, அருகிலிருந்து சொல்லித்தரும் ஒருவர் வேண்டுமா என்பது இன்றும் ஆய்வாளரிடையே நடக்கும் வாதம். முன்னேற்பாட்டின் நீளத்தைக் கருதினால் சொல்லித்தருவோர் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கற்பித்தலின் தடயத்தை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் பிரான்சின் எத்தியோல். அங்கே சிதறிக் கிடந்த செதில்களை ஒன்றோடொன்று பொருத்தி மூலக்கல்லாக மீண்டும் சேர்த்த நிக்கோல் பிழோ, கைதேர்ந்தவர்கள் அடுப்பருகே அமர்ந்து செதுக்கியதையும், பயில்வோர் அதிலிருந்து விலகி உட்கார்ந்து தரம் குறைந்த கற்களில் பழகியதையும் கண்டறிந்தார். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அகேட் மணிகளைச் செதுக்கும் தொழிலாளரை ஆராய்ந்த வாலன்டின் ரூவும் அவருடைய குழுவினரும், நுணுக்கமான மணிகளைச் செய்யும் தகுதி பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னரே அமைவதைப் பதிவு செய்துள்ளனர்.

இரும்புக்கு வரும்போது சான்றின் தன்மையே மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மையைக் கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறையில் பொ.ஆ.மு. 2172 என்றும், தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் பொ.ஆ.மு. 3345 வரையிலும் காட்டும் காலக்கணிப்புகளை மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டுள்ளது. இவற்றைப் பற்றிய விவாதம் தொடர்கிறது. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை போன்ற இரும்புக் கருவிகள் பெரும்பாலும் ஈமக்குழிகளிலிருந்தே வருகின்றன. இறந்தவருடன் புதைக்கப்படுவது தேர்ந்தெடுத்த, முடிவுற்ற பொருள். பயில்வோன் கெடுத்த கத்தியை யாரும் தாழியில் இடுவதில்லை. வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை எனக் கூறும் புறநானூற்றின் 312ஆம் பாடல், மகனைப் பெறுவது முதல் போரில் களிறு எறிவது வரை ஒவ்வொருவர் கடமையையும் வகுக்கிறதே ஒழிய, கொல்லனைக் கொல்லனாக்குவது யார் கடமை என்று சொல்லவில்லை. உலைக்களங்களில் எஞ்சுவது கசடு, அதாவது தாதுவிலிருந்து இரும்பு பிரியும்போது உருகி ஒதுங்கும் கழிவு. கொடுமணலிலும் திருவண்ணாமலைப் பக்கத்து மேல்சிறுவளூரிலும் எஃகு உருக்கிய, குகை எனப்படும் மண்கலங்களின் உடைந்த துண்டுகளும் கிடைத்துள்ளன. இவை உருக்கியவரின் தடயங்கள்; கத்தி அடித்தவர் அவற்றில் இல்லை.

குகையில் எஃகு உருக்கும் முறையைச் சேலம் பகுதியில் கண்டு 1839இல் எழுதிய ஜோசையா மார்ஷல் ஹீத், இரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டு, களிமண்ணால் வாய் மூடி, துருத்தி ஊதி உருக்கியதை விளக்குகிறார். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரிமம் இரும்பில் ஏறுவதால் அது எஃகாகிறது. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்த இவ்வெஃகில் கரிமம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு வரை இருந்ததால், ஆங்கிலேயக் கொல்லர் தமக்குப் பழகிய வெப்பத்தில் காய்ச்சி அடித்தபோது அது உதிர்ந்துபோயிற்று. பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் வெளியிட்ட கட்டுரையில், இலண்டனின் பேர்பெற்ற கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட், இருட்டில் மட்டுமே தெரியும் மங்கிய சிவப்பு வெப்பத்தில் வைத்து அதிலிருந்து பேனாக்கத்தி ஒன்றை அடித்தெடுத்த செய்தி காணப்படுகிறது. பின்னாளில் ஸ்டோடர்ட்டும், கொல்லர் ஒருவரின் மகனாகிய மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து, இவ்வெஃகின் இயல்பைப் பிடிப்பதற்காக இரும்புடன் வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து உருக்கிப் பார்த்து, 1820லும் 1822லும் முடிவுகளை அச்சிட்டனர். தென்னிந்திய எஃகின் முன் அவர்கள் புதிதாகப் பயில்வோரே. ஆனால் எழுதத் தெரிந்த, எழுதியதை அச்சிட இதழ்கள் வாய்த்த பயில்வோர் என்பதால், அவர்களுடைய தவறான ஊகங்களும் நூலகங்களில் இருக்கின்றன.

தமிழகக் கொல்லர் வீட்டில் பயிற்சி வேறு வகையில் நடந்தது. பட்டறை வீட்டை ஒட்டியே இருந்ததால், பயிற்சி எந்த நாளில் தொடங்கியது என்று சொல்லும் வழக்கமே இல்லை. சிறுவன் முதலில் துருத்தி இழுப்பான். தீயின் நிறத்தைக் கொண்டு வெப்பத்தை மதிப்பிடுவது அங்கேயே பழகிவிடும். பின்பு சம்மட்டி பிடிப்பான்; பெரியவர் குறட்டால் இரும்பைப் பிடித்துச் சிறு சுத்தியால் தட்டிக் காட்டிய இடத்தில் ஓங்கி அடிப்பான். கலப்பையின் கொழுவைக் கூர்மையாக்குவது போன்ற, சிறு பிசகு பெரிதாகத் தெரியாத வேலைகள் அடுத்து வரும். மெல்லிய வாய் கொண்ட கத்தி அவற்றுக்குப் பின்னரே. கத்தியின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய வாயை நீரில் தோய்த்தால் எஃகு கடினமாகிறது, ஆனால் கூடவே நொறுங்கும் இயல்பும் வந்துசேர்கிறது. ஆகவே மீண்டும் இளஞ்சூட்டில் காட்டி, தீட்டிய பரப்பில் வைக்கோல் மஞ்சள் நிறம் படரும்போது நிறுத்திக் கடினத்தைச் சற்றுத் தணிக்க வேண்டும். முதலில் காய்ச்சும் வெப்பம் மிகுந்தால் தோய்க்கும்போதே வாயில் வெடிப்பு ஓடும், குறைந்தால் முதல் நாளிலேயே மழுங்கும். முடி காணிக்கை செலுத்துவோர் ஓயாமல் வரும் தணிகை போன்ற தலத்தில் மிகுதியாக வேண்டப்பட்ட சவரக்கத்தி, இப்பிழைகளுள் எதையும் பொறுக்காதது. பிற்காலத்தில் ஷெஃபீல்டிலும் சோலிங்கனிலும் செய்யப்பட்ட சவரக்கத்திகளும், இறுதியில் மாற்றத்தக்க பிளேடுகளும் அத்தேவையை நிரப்பிவிட்டன.

வெடித்த அரிவாள் வெட்டிச் சிறு கத்தியாகும். சிறு கத்தியும் கெட்டால் உளியாகும். உளியும் ஆகாதது அடுத்த உலையில் வேறோர் இரும்புடன் சேர்த்து அடிக்கப்படும். 1856இல் சென்னையிலிருந்து வாலாஜா வரை தொடங்கிய இருப்புப் பாதை, திருத்தணிக்குத் தெற்கேயுள்ள அரக்கோணத்தின் வழியாக இறக்குமதி இரும்பை மலிவாகக் கொண்டுவந்த பின், ஊர்க்கொல்லர் தாது உருக்கியவரை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. இன்று பட்டறைகளில் கத்திக்கும் அரிவாளுக்கும் பெரிதும் பயன்படுவது லாரிகளிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை. அரை விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட கரிமமும் ஒரே சீரான தரமும் உடைய அந்த எஃகு, வூட்ஸைப் போல உதிராமல் அதிக வெப்பத்தையும் தாங்குவதால், பயில்வோரின் சுத்தியல் பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. தோய்ச்சல் பிழைகளைப் பொறுப்பதில்லை. அவ்வாறு வெடித்த துண்டுகள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய், அங்கிருந்து உருக்காலைக்கு ஏற்றப்படுகின்றன.