மஞ்சள் பேருந்துகள் வந்த வழி

மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என நீளும் புறநகர் ரயில் தடத்தையும், அதற்கு மேற்கே செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையையும் இரு கோடுகளாக வரைந்துகொண்டால், தமிழகத்தின் உயர்கல்வி வரலாற்றைச் சிறிய அளவில் அவற்றின்மேல் எழுதிவிடலாம். பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி 1965இல் வந்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டு மௌனம். 1995இல் கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி. பிறகு அதே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக அறக்கட்டளைகள், வளைவுகள், மஞ்சள் பேருந்துகள். முதலாவது அரசின் பணத்தில் எழுந்தது. பின்னவை பெற்றோர் பணத்தில். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம், கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதே இங்கு நம் கேள்வி.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் மூலமான நில அளவைப் பள்ளி 1794இல் எட்டு மாணவர்களுடன் தொடங்கியபோது பழவேற்காடு டச்சுக்காரர் வசம் இருந்தது. அங்கிருந்து 1980கள் வரையிலான காலத்தை விரைந்து கடந்துவிடலாம். தனியார் கல்வி நிறுவனம் என்பது தமிழகத்துக்குப் புதிதல்ல என்பதை மட்டும் சொல்லவேண்டும். பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி 1842இல் தோன்றியது, காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் கல்லூரி 1947இல், கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல். மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957இல். வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்குக் கொடுத்தவர்கள் இவற்றை நிறுவினார்கள். ஆசிரியர் ஊதியத்துக்கு அரசு மானியம் வந்தது. ஆகவே மாணவன் கட்டியது அடையாளக் கட்டணமே. கொடையாளி, அரசு, மாணவன் என்ற மூவரில் மாணவன் கடைசி ஆளாகவே இருந்தான்.

1984-85இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தபோது அந்த வரிசை தலைகீழானது. முடிவுக்குக் காரணங்கள் இருந்தன. அரசுக் கல்லூரிகளில் இடம் மிகக் குறைவு. வசதியுள்ள தமிழ்க் குடும்பங்கள் கர்நாடகக் கல்லூரிகளுக்கு நன்கொடை கட்டிப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தப் பணம் இங்கேயே தங்கட்டுமே என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் 'சுயநிதி' என்ற சொல்லை ஒரு கணம் நின்று பார்க்கவேண்டும். யாருடைய சுயம்? கல்லூரி நடத்துபவரின் நிதியா? முதல் கட்டடத்துக்கு வேண்டுமானால் அப்படி இருக்கலாம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் வந்த நிதி, நிலத்தை விற்றவனுடையது, நகையை அடகு வைத்தவளுடையது. தமிழில் இத்தனை சாமர்த்தியமான நிர்வாகச் சொற்கள் அதிகம் இல்லை.

தொடர்ந்த இருபதாண்டு வரலாறு பெரும்பாலும் நீதிமன்றங்களில் நடந்தது. தலைவரிக் கட்டணத்தைத் தடைசெய்து தமிழக அரசு 1992இல் சட்டம் இயற்றியது. உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் இடங்களை இரண்டாகப் பிரித்தது: தகுதி அடிப்படையில் குறைந்த கட்டணத்துக்குப் பாதி, அதிகக் கட்டணத்துக்குப் பாதி. பணம் கட்டுபவன் தகுதியுள்ளவனைத் தாங்குவான் என்பது ஏற்பாடு. 1997இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. நம் பார்வையில் அக்காலத்தின் மிகச் சிறந்த நிர்வாகச் செயல் அதுவே. இடைத்தரகர் இன்றி, மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் மட்டுமே பேசும் ஓர் அறைக்குள் ஒரு மீனவனின் மகள் நுழைந்து தனக்கான கல்லூரியைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் தீர்ப்பு உன்னிகிருஷ்ணன் ஏற்பாட்டைக் கலைத்தது. 2003இல் கட்டணக் குழுக்கள் வந்தன. 2005இல் இனாம்தார் வழக்கின் தீர்ப்பு, உதவி பெறாத கல்லூரிகளில் அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்கமுடியாது என்றது. 2007 முதல் தமிழகத்தில் நுழைவுத் தேர்வும் இல்லாமல் போயிற்று. கிராமப்புற மாணவர்க்கு அது பெரும் விடுதலை. அதே சமயம் கல்லூரி முதலாளிகளுக்கு முன்னெப்போதும் இல்லாத அகன்ற சந்தை.

பழவேற்காட்டின் கதை இங்கே வந்து சேர்கிறது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகைக்கு அடுத்த பெரியது பழவேற்காடு. அதன் தென்கோடிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட கரை, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் உருமாறியது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2004இல் ஆழிப்பேரலை, 2010இல் மீஞ்சூரின் பெயரைத் தாங்கிக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம். முகத்துவாரம் மணலால் தூர்வதும் இறால் வரத்துக் குறைவதும் ஏரியை நம்பியவர்களின் நிரந்தரப் பேச்சாயின. கரையை இழந்தவர்கள் வேலை கேட்டார்கள். நிரந்தர வேலைக்குப் படிப்பு வேண்டும் என்று பதில் வந்தது. அப்படியானால் படிக்கவைப்போம் என்று ஒரு தலைமுறை முடிவெடுத்ததில் வியப்பேதுமில்லை. புகைபோக்கியும் பளுதூக்கியும் வீட்டு வாசலில் இருந்தே தெரியும்போது, பொறியியல் என்பது அவர்களுக்கு அமெரிக்கக் கனவு அல்ல. ஐந்தாறு மைலில் இருக்கும் வாயிற்கதவு.

கடனும் கிடைத்தது. 2001இல் வங்கிகளுக்கென வகுக்கப்பட்ட மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை. 2009இல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் வந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு அறிவித்தது. 2012இல், தனியார் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்தும் ஆணை பிறந்தது. மீன்பிடிச் சமூகத்தாருக்கு முதல் தலைமுறைச் சலுகை, ஏரியைச் சுற்றியுள்ள இருளர்க்கும் தலித்துகளுக்கும் உதவித்தொகை. இவை யாவும் நல்ல திட்டங்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வாய்க்கால் வெட்டும்போது தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்றும் பார்க்கவேண்டுமே.

பழவேற்காட்டுக்கேயுரிய ஒரு முறையை இங்கு நினைவுகொள்வது பொருத்தம். 'பாடு' என்று அதற்குப் பெயர். ஏரியில் வலை கட்டத்தக்க இடங்கள் வரையறுக்கப்பட்டவை. தலைக்கட்டு உரிமையுள்ள குடும்பங்கள் அவற்றைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறிடம். இதன் உள்ளே சாதியும் விலக்கும் உண்டு. பாட்டு உரிமை இல்லாதவர்கள் ஏரியில் பட்ட பாடு தனிக் கதை. எனவே இதைப் பொற்கால ஏற்பாடாகச் சித்திரிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் ஓர் அடிப்படை அறிவு அதில் இருந்தது: நீர் எத்தனை வலையைத் தாங்கும் என்ற கணக்கு. கல்லூரி அனுமதிக்கு அப்படியொரு கணக்கை யாரும் போடவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நிலத்தை அளந்தது, கட்டடத்தை அளந்தது, நூலகப் புத்தகங்களை எண்ணியது. மாணவர் எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு வேலை எங்கே என்பது அதன் படிவத்தில் போதிய இடம் பெறவில்லை. 2010களில் தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகள் 550ஐத் தாண்டின.

பிறகு வலைகள் காலியாக வரத் தொடங்கின. 2010களின் இறுதியில், கலந்தாய்வுக்கு வந்த இடங்களில் ஏறத்தாழ பாதி நிரம்பவில்லை. காரணங்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். 2008 மந்தநிலைக்குப் பின் மென்பொருள் நிறுவனங்களின் தேர்வு கண்டிப்பானது. சில கல்லூரிகளின் தேர்ச்சி விகிதம் வெளிவந்ததும் பெற்றோர் அதிர்ந்தார்கள். குடும்பங்கள் சிறுத்ததால் பள்ளியிலிருந்து வெளிவரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் இதில் சேரும். முதன்மையானது நாம் கருதுவது வேறு: தெருவில் முன்னோடியாகப் படித்த அண்ணன் கடனோடு வீடு திரும்பியதை அடுத்த வீட்டுத் தம்பி பார்த்தான். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட இந்தச் சாட்சி வலியது.

இடம் காலியானால் விலை குறையும் என்பது சந்தையின் பாலபாடம். கல்லூரியில் அது நடக்கவில்லை. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 40,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்ந்தது 2017இல். நிர்வாக இடத்துக்கு 70,000இலிருந்து 85,000. காலியிடங்கள் குவிந்திருந்த அதே காலம் அது. இதில் முரண் இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் இல்லை. அறுபது பேருக்கென ஏற்படுத்திய வகுப்பில் பதினெட்டுப் பேர் அமர்ந்தாலும் ஆய்வகம் ஒன்றுதான், பேருந்து ஓடும் தூரமும் ஒன்றுதான், இணைப்புக் கட்டணமும் வங்கித் தவணையும் குறைவதில்லை. கல்விச் சேவைக்கு வரிவிலக்கு உண்டென்றாலும், 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியைக் கல்லூரி தான் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்துகிறது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. அறுபது பேர் பகிரவேண்டிய சுமை பதினெட்டுத் தலைகளில் ஏறும். குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு வெளியே பேருந்து, சீருடை, பயிற்சி வகுப்பு, தேர்வு என்று தலைப்புகள் பெருகியது இப்படித்தான். பழவேற்காட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு வரும் மாணவனுக்குப் பேருந்துக் கட்டணமே பெருஞ்செலவு.

குறைக்கமுடிந்த ஒரே செலவு ஆசிரியர். மாணவர்-ஆசிரியர் விகிதத்தை 15க்கு 1 என்பதிலிருந்து 20க்கு 1 எனத் தளர்த்தினார்கள், 2018இல். ஊதியம் மாதக்கணக்கில் தள்ளிப்போன கல்லூரிகளில் ஆசிரியரே மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அலையவேண்டியிருந்தது. ஒரே பேராசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பதிவேட்டில் இருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியபோது நாடு வியந்தது. அத்துறையில் இருந்தவர்கள் வியந்திருக்கமாட்டார்கள்.

இங்குதான் மேலே சொன்ன வாய்க்கால் நினைவுக்கு வருகிறது. நல்ல கல்லூரிகளில் முதலில் நிரம்புபவர்கள் நகரத்துப் பள்ளிகளின் மதிப்பெண் பெற்ற பிள்ளைகள். பட்டியலின் அடியில் கிடக்கும் கல்லூரி யாரை வைத்து உயிர்வாழும்? அரசுப் பணம் உறுதியாகப் பின்தொடரும் மாணவரை வைத்து. 'ஒரு பைசா கட்டவேண்டாம், சான்றிதழை மட்டும் கொடுங்கள்' என்று முகவர்கள் குப்பங்களுக்கும் காலனிகளுக்கும் வந்தது அவ்வாறே. உதவித்தொகை தாமதமானால் அந்தச் சான்றிதழே பிணை. ஏழைக்காக ஒதுக்கிய பணம் ஏழையின் வழியாகச் சென்று, மூழ்கும் நிறுவனங்களைச் சில ஆண்டுகள் மிதக்கவைத்தது. இதற்கு மாணவரைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. கண்ணெதிரே திறந்திருந்த ஒரே கதவில் நுழைந்தார்கள்.

2020களின் முற்பகுதியில் கல்லூரிகளின் எண்ணிக்கை 450க்குக் கீழிறங்கியது. புதிய கல்லூரிகளுக்கு 2020-21 முதல் விதிக்கப்பட்ட தடை 2023இல் விலகியது. சேர்க்கை மறுபடி ஏறியிருப்பதும் உண்மையே. ஆனால் ஏறியது எங்கே? 2024-25 முதல், தரம் காட்டிய கல்லூரிகள் எத்தனை இடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என உச்சவரம்பு நீங்கியதால், பெரிய கல்லூரிகள் கணினி அறிவியலிலும் செயற்கை நுண்ணறிவிலும் பிரிவுக்குப் பிரிவாகப் பெருக்கிக்கொண்டன. சிறியவை மேலும் வற்றின. இயந்திரவியலும் கட்டடவியலும் பல இடங்களில் ஆளின்றி மூடப்பட்டன. துறைமுகமும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த மீஞ்சூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். எந்த வாயிற்கதவைப் பார்த்துக் குப்பத்துக் குடும்பங்கள் பொறியியலை நாடினவோ, அந்தக் கதவுக்குரிய படிப்புகளே மறைகின்றன. கதவுக்குள் ஒப்பந்தத் தொழிலாளர் முறை வேரூன்றியது அதற்கு முன்பே.

அரசின் பக்கமிருந்து சில அசைவுகள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடமும் அதற்கான முழுக் கட்டணமும் 2021இல் வந்தன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022இலும், ஆண்களுக்கு அதே தொகை 2024இலும் தொடங்கின. பொன்னேரியில் இப்போது மீன்வளக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது; தமிழகத்தின் முதல் மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில் 1977இல் அமைந்து பல பத்தாண்டுகள் கழித்து, ஏரிக்கு அருகே.

மூடப்படும் கல்லூரிக்கும் ஒரு நடைமுறை உண்டு. படிப்படியான மூடல் என்கிறார்கள். முதலாண்டுச் சேர்க்கை நிற்கும். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் மட்டும் தொடர்வர். ஆண்டுக்கொரு வகுப்பாக விளக்கணையும். இறுதி ஆண்டு வரும்போது வளாகத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், பேருந்துகள் விற்கப்பட்டிருக்கும். அவர்கள் பொன்னேரியில் இறங்கிப் பகிர்வு ஆட்டோவில் தேர்வெழுதச் செல்வார்கள். பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். கல்லூரியின் பெயரை நேர்காணலில் சொல்லும்போது, அது இப்போது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கும்.